அழற்சிக்கு ஒரு வடிகால்

பைபாஸ் அறுவை முடிந்து ஒருவர் வீடு திரும்புகிறார். ஊர் ஒரத்தநாடாக இருக்கலாம், திருவையாறாகவோ பாபநாசமாகவோ இருக்கலாம். வாசலில் ஆரத்தி சுற்றிக் கொட்டியதுமே பத்தியப் பேச்சு ஆரம்பித்துவிடும். "உள்ளே புண்ணு ஆறணும்டி. மீனு, கருவாடு, கத்தரிக்கா, எதையும் கண்ணுல காட்டாதே" என்று பெரியம்மா மருமகளை எச்சரிப்பார். மருத்துவமனை கொடுத்தனுப்பிய உணவுத் தாளிலோ குழம்பு மீன் சாப்பிடலாம் என்று அச்சிட்டிருக்கும். இதற்குள் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் மகன் பொன்னிற மாத்திரைகள் நிறைந்த டப்பா ஒன்றை எடுத்து வைப்பான். "மீன் எண்ணெய்ப்பா. தினம் ரெண்டு போட்டுக்குங்க, ஹார்ட்டுக்கு நல்லது."

மீன் ஆகாது, மீனிலிருந்து எடுத்த எண்ணெய் மட்டும் ஆகும் என்றால் அது எப்படி? மீனைத் தின்றால் புண் சீழ் பிடிக்கும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் உண்டா? மாத்திரையில் இருக்கும் கொழுப்பு, அறுத்துத் தைத்த இதயத்தில் போய் என்ன செய்கிறது? கேள்வி சமையலறையில் பிறந்தாலும், பதில் தேடி உலகின் பெரிய இதய மையங்கள் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதனை நடத்தியிருக்கின்றன. அந்தச் சோதனைகள் மாத்திரையைப் பற்றி மட்டும் பேசவில்லை. உடல் ஒரு காயத்தை எப்படி எதிர்கொள்கிறது, எப்படி அந்தப் போரை முடித்துக்கொள்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தன.

கிருமியில்லாத காய்ச்சல்

பைபாஸில், அடைபட்ட இதயத் தமனிக்கு மாற்றாகக் காலிலிருந்தோ மார்புச் சுவரிலிருந்தோ எடுத்த ரத்தக்குழாயை இணைக்கிறார்கள். பல அறுவைகளில் இதயத்தைச் சிறிது நேரம் நிறுத்தி வைப்பார்கள். அந்த நேரத்தில் உடலெங்கும் ரத்தத்தை ஓட்டுவது இதய நுரையீரல் இயந்திரம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் 1953 மே 6 அன்று இந்த இயந்திரத்தின் துணையோடு ஒரு பெண்ணின் இதயத்தைத் திறந்து சரிசெய்தார். எட்டு ஆண்டுகளில், 1961இல், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை திறந்த இதய அறுவையைச் செய்தது. 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸை நடத்தினார். 2009இல் தமிழக அரசு தொடங்கிய காப்பீட்டுத் திட்டத்துக்குப் பிறகு, வயல் கூலிக்குப் போகிறவர் குடும்பத்துக்கும் இந்த அறுவை எட்டக்கூடியதாகிவிட்டது.

அறுவை நன்றாக முடிந்தாலும், அடுத்த சில நாட்களில் நோயாளியிடம் விந்தையான மாற்றங்கள் தெரியும். உடம்பு லேசாகக் கொதிக்கும். கைகால் உப்பும். ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்கள் கூடியிருக்கும். ஆனால் தேடிப் பார்த்தால் பல நேரம் கிருமி எதுவும் அகப்படாது.

காரணம் அழற்சி. காயம் பட்ட இடம் சிவந்து, வீங்கி, சுட்டு, வலிப்பதற்கு உடல் செய்யும் ஏற்பாட்டைத்தான் மருத்துவம் இந்தப் பெயரில் அழைக்கிறது. விரலில் முள் குத்தினால் அந்த விரலோடு அது நின்றுவிடும். இதய அறுவையில் அது உடல் முழுக்கப் பரவுகிறது. மார்பெலும்பைப் பிளப்பது ஒரு பெருங்காயம். அதோடு, பிறந்தது முதல் ரத்தக்குழாயின் மென்மையான உட்சுவரைத் தவிர வேறெதையும் தொட்டறியாத ரத்தம், இயந்திரத்தின் பிளாஸ்டிக் குழாய்களுக்குள் முதல் தடவையாக ஓடுகிறது. ரத்தத்தில் தூங்கிக் கிடக்கும் காவல் புரதங்கள் அந்நியப் பொருள் வந்துவிட்டதாக எண்ணி விழித்துக்கொள்கின்றன. அவை வெள்ளையணுக்களை உசுப்புகின்றன. சில மணி நேரத்துக்குள் இன்டர்லூக்கின்-6 என்ற தூதுப் புரதம் உச்சத்துக்கு ஏறும். கல்லீரல் சுரக்கும் சி-ரியாக்டிவ் புரதம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சம் தொடும்.

அதே இரண்டாம், மூன்றாம் நாளில்தான் இன்னொன்றும் தலைகாட்டுகிறது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் கட்டுப்பாடின்றி நடுங்கத் தொடங்கும். நாடித்துடிப்பு தாறுமாறாகும். மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று குறிக்கும் இதை இந்த அத்தியாயம் 'மேலறை நடுக்கம்' என்று அழைக்கும். இதய அறுவை செய்துகொள்பவர்களில் பத்துக்கு ஏறத்தாழ மூன்று பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். ஆனாலும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போகும் ஆபத்து கூடுகிறது, மருத்துவமனையில் இருக்கும் நாட்கள் நீள்கின்றன. அழற்சி உச்சத்தில் இருக்கும் அதே நாட்களில் இந்த நடுக்கமும் வருவதைக் கண்ட ஆய்வாளர்கள், அழற்சியைக் குறைத்தால் நடுக்கமும் குறையலாம் என்று எண்ணினார்கள். கொழுப்பு அமிலங்கள் இந்தக் கதைக்குள் நுழைவது இந்த இடத்தில்தான்.

தஞ்சையின் தவிட்டில் ஒரு பாடம்

கொழுப்பு அமிலம் என்றால் என்ன? அதை அறிய காவிரி டெல்டாவின் நெல் ஆலைக்குள் போவதே எளிது.

மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராக இருந்தவர் வி. சுப்ரமணியன். ஓய்வுக்குப் பிறகு அவர் முன்னின்றதில், 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சிறு ஆய்வகம் உருவானது. நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்து தஞ்சாவூருக்கு இடம் மாறிய அது, பல பெயர்களைத் தாண்டி இன்று நிஃப்டெம் என்ற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இயங்குகிறது. மழையில் நனைந்த நெல்லைக் காப்பது போலவே, தவிட்டைக் காப்பதும் நெல் ஆராய்ச்சியின் பழைய கவலை. தவிட்டில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் உண்டு. ஆனால் பச்சை நெல்லைத் தீட்டி எடுத்த தவிடு வெகு சீக்கிரம் காறல் வாடை அடிக்கத் தொடங்கிவிடும்.

நெல்மணி முழுசாக இருக்கும்வரை எண்ணெய் ஓர் அடுக்கிலும், லைப்பேஸ் என்ற நொதி வேறோர் அடுக்கிலும் இருக்கின்றன. தீட்டும்போது அடுக்குகள் நொறுங்கி இரண்டும் கலக்கின்றன. கொழுப்பு மூலக்கூறு ஒன்றில் கிளிசரால் என்ற சிறு தண்டில் மூன்று நீண்ட வால்கள் ஒட்டியிருக்கும். நொதி அந்த வால்களை வெட்டி விடுகிறது. அப்படி வெட்டுண்ட வால்தான் கொழுப்பு அமிலம். புழுங்கல் நெல்லை அவிக்கும்போது வெப்பத்தில் நொதி செயலிழந்துவிடும். அதனால்தான் புழுங்கல் தவிடு கெடாமல் கூடுதல் நாள் தாங்குகிறது.

வால் ஒவ்வொன்றும் கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி. சில இடங்களில் அணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு இருக்கும். அங்கே சங்கிலி வளையும். வாலின் நுனியிலிருந்து எண்ணிக்கொண்டு வரும்போது முதல் இரட்டைப் பிணைப்பு மூன்றாவது கார்பனில் வந்தால் அது ஒமேகா-3. ஆறாவதில் வந்தால் ஒமேகா-6. இந்த வால்கள் உடலுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 1929இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி எலிகளிடம் கண்டார்கள். கொழுப்பே இல்லாத உணவு தின்ற எலிகளின் தோல் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது. சில கொழுப்பு அமிலங்களை உடலால் தானாகச் செய்துகொள்ள முடியாது, உணவில்தான் வந்தாக வேண்டும் என்று அன்று தெரிந்தது. ஒமேகா-6இன் தொடக்கமான லினோலெயிக் அமிலமும், ஒமேகா-3இன் தொடக்கமான ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் அப்படிப்பட்டவை.

உறையிலிருந்து எழும் கூக்குரல்

உடலின் ஒவ்வொரு செல்லும் கொழுப்பாலான மெல்லிய உறைக்குள் இருக்கிறது. அந்த உறையில் எந்த வால்கள் நிறைந்திருக்கின்றன என்பதைப் பல மாதச் சாப்பாடு தீர்மானிக்கிறது. நம் உணவில் ஒமேகா-6 மிகுதி என்பதால், உறையில் அராக்கிடோனிக் அமிலம் என்ற 20 கார்பன் வால் தாராளமாக இருக்கும். கடல் மீன் அடிக்கடி சாப்பிடுபவர் உறையில் இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3 வால்கள் கூடுதலாக இருக்கும்.

அறுவைக் கத்தி பட்டதும் செல்லின் உறையில் ஒரு நொதி விழித்து, அராக்கிடோனிக் அமிலத்தை வெட்டி விடுவிக்கிறது. தவிட்டில் நடந்த அதே வகை வேலைதான். இங்கே அது விபத்தாக அல்லாமல் கட்டளைப்படி நடக்கிறது. விடுபட்ட அமிலத்தை வேறு நொதிகள் புரோஸ்டாகிளாண்டின், லூக்கோட்ரையீன் என்ற சேதிப் பொருள்களாக மாற்றுகின்றன. ரத்தக்குழாய் விரிகிறது, சூடேறுகிறது, வலிக்கிறது, வெள்ளையணுக்கள் ஓடி வருகின்றன. இந்தப் பொருள்களைக் கண்டறிந்ததற்காக சுனே பெர்க்ஸ்ட்ரோம், பெங்ட் சாமுவல்சன், ஜான் வேன் மூவருக்கும் 1982இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை மறித்தே வலியைக் குறைக்கிறது என்பதை 1971இல் காட்டியவர் வேன்.

உறையில் இ.பி.ஏ. இருந்தால் அதே நொதிகள் அதையும் பிடித்து மாற்றும். அப்படி வரும் சேதிப் பொருள்கள் பெரும்பாலும் வீரியம் குறைந்தவை. மீன் எண்ணெய் அழற்சியைத் தணிக்கும் என்ற நம்பிக்கைக்கு முதல் அடிப்படை இதுதான்.

அழற்சி தானாக ஓய்வதில்லை

நெடுங்காலம் மருத்துவம் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தது. அழற்சி எப்படி ஆரம்பிக்கிறது என்பதைத் துருவிப் பார்த்தவர்கள், அது எப்படி முடிகிறது என்று கேட்கவில்லை. சேதிப் பொருள்கள் கரைந்து போனதும் அது தானாகவே ஓய்ந்துவிடும் என்று எண்ணினார்கள்.

ஹார்வர்டில் சார்லஸ் செர்ஹன் அந்த எண்ணத்தை மாற்றினார். 1984இல் சாமுவல்சனோடு சேர்ந்து லிப்பாக்ஸின் என்ற பொருளை விவரித்தவர் அவர். 2000ஆம் ஆண்டையொட்டி அவருடைய ஆய்வகம், இ.பி.ஏ.விலிருந்தும் டி.ஹெச்.ஏ.விலிருந்தும் உடலே செய்துகொள்ளும் புதிய பொருள்களை அடையாளம் கண்டது. ரிசால்வின்கள் என்று பெயர் பெற்ற அவற்றைத் தமிழில் 'தணிப்பிகள்' எனலாம். இவை அழற்சியை மறிப்பதில்லை, முடித்துவைக்கின்றன. புதிதாக வெள்ளையணுக்கள் வருவதை நிறுத்துகின்றன. விழுங்கணுக்களைத் தூண்டி, வேலை முடிந்து செத்துக் கிடக்கும் அணுக்களையும் சிதைவுகளையும் அப்புறப்படுத்துகின்றன.

டெல்டா விவசாயிக்கு இதை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாசன வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ, வடிகால் வாய்க்காலும் அவ்வளவு முக்கியம் என்பது அவருக்குத் தெரியும். ஐப்பசி அடைமழையில் பயிர் அழுகுவது தண்ணீர் வந்ததால் மட்டும் அல்ல, வடியாமல் நின்றதால். அழற்சியும் வர வேண்டிய நேரத்தில் வர வேண்டும், இல்லையேல் காயம் ஆறாது. வந்தது வடிய வேண்டும். தணிப்பிகள் அந்த வடிகாலின் வேலையைச் செய்கின்றன.

பைபாஸ் முடிந்த பெரும்பாலோர் தினமும் விழுங்கும் ஆஸ்பிரினுக்கும் இதில் பங்குண்டு. அது புரோஸ்டாகிளாண்டின் செய்யும் நொதியைத் திருத்திவிடுகிறது. திருத்தம் பெற்ற நொதி, ஒமேகா-3 கைக்குக் கிடைத்தால் தணிப்பிகள் உருவாக வழி செய்கிறது என்று செர்ஹன் குழு காட்டியது.

160 பேரும் 1,516 பேரும்

கருத்து அழகாக இருந்தால் மட்டும் போதாது, நோயாளியிடம் பலித்தாக வேண்டும். எனவே ஒரே கேள்வியைக் கேட்ட இரண்டு சோதனைகளைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

முதலாவது 2005இல் இத்தாலியிலிருந்து வந்தது. லியோனார்டோ கலோவும் சகாக்களும் பைபாஸுக்கு வந்த 160 பேரை இரு பிரிவாக்கினார்கள். 79 பேருக்கு அறுவைக்குக் குறைந்தது 5 நாள் முன்பிருந்தே தினம் 2 கிராம் ஒமேகா-3 கொடுத்தார்கள். 81 பேருக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காதவர்களில் 27 பேருக்கு மேலறை நடுக்கம் வந்தது, அது 33.3 சதவீதம். கொடுத்தவர்களில் 12 பேருக்குத்தான் வந்தது, 15.2 சதவீதம். ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிட்டது! செய்தி உலகமெங்கும் பரவியது.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம். மருந்து எடுத்தவர்களில் இன்னும் 6 பேருக்கு நடுக்கம் வந்து, எடுக்காதவர்களில் 6 பேருக்கு வராமல் இருந்திருந்தால்? 79இல் 18 என்றால் 23 சதவீதம். 81இல் 21 என்றால் 26 சதவீதம். வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். பாதியாகக் குறைந்தது என்ற பெரிய முடிவு, பிரிவுக்கு ஆறு பேர் மீது நின்றுகொண்டிருந்தது. யாருக்கு மருந்து போகிறது என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்தே இருந்தது. ஒப்பிட வெற்று மாத்திரையும் இல்லை. ஐஸ்லாந்தில் 168 பேரிடம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு நடத்திய சோதனை 2010இல் வெளியானபோது, இரு பிரிவிலும் சுமார் 54 சதவீதம் பேருக்கு நடுக்கம் வந்திருந்தது.

ஐயத்தைத் தீர்க்க வந்தது ஓபரா என்ற பெரிய சோதனை. அமெரிக்கா, இத்தாலி, அர்ஜென்டினா ஆகிய மூன்று நாடுகளில் 28 மருத்துவமனைகள், 1,516 நோயாளிகள். 758 பேருக்கு மீன் எண்ணெய் மாத்திரை, 758 பேருக்கு அதே தோற்றத்தில் ஆலிவ் எண்ணெய் மாத்திரை. எது யாருக்கு என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. அறுவைக்கு முந்தைய 3 முதல் 5 நாட்களில் மொத்தம் 10 கிராம் (நாள் குறைவாக இருந்தால் 2 நாளில் 8 கிராம்), பிறகு வீடு திரும்பும்வரையோ பத்தாம் நாள் வரையோ தினம் 2 கிராம். 2012 நவம்பரில் முடிவு வெளியானது. ஆலிவ் எண்ணெய் எடுத்தவர்களில் 233 பேருக்கு நடுக்கம், 30.7 சதவீதம். மீன் எண்ணெய் எடுத்தவர்களில் 227 பேருக்கு, 30.0 சதவீதம்.

758க்கு ஆறு பேர் வித்தியாசம். சிறிய சோதனையில் முடிவையே புரட்டிப் போடக்கூடிய எண்ணிக்கை, பெரிய சோதனையில் ஒன்றுமில்லாமல் போகிறது. அறுவைக்குச் சில நாள் முன்பு மாத்திரை விழுங்குவதால் மேலறை நடுக்கம் தடுக்கப்படுவதில்லை என்பது தெளிவாயிற்று.

ஏன் பலிக்கவில்லை?

கொழுப்பு அமிலம் வயிற்றிலிருந்து ரத்தத்துக்கு வந்துவிடுவது வேறு, செல்லின் உறைக்குள் குடியேறுவது வேறு. ரத்த நீரில் அளவு சில நாட்களிலேயே ஏறும். சிவப்பணுவின் ஆயுளோ ஏறத்தாழ 120 நாள். பழைய அணுக்கள் போய்ப் புதியவை நிறைய அவ்வளவு காலம் வேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஓர் ஆய்வுக் குழு, அறுவைக்கு முன் சில வாரங்கள் மீன் எண்ணெய் எடுத்தவர்களின் மேலறைத் திசுவையே அறுவையின்போது எடுத்துச் சோதித்து 2007இல் எழுதியது. இதயத் தசையில் ஒமேகா-3 ஏறுவது உண்மைதான், ஆனால் படிப்படியாக, வாரக்கணக்கில் என்று அது காட்டியது.

அழற்சியை நேரடியாக அடக்கிப் பார்த்தவர்களுக்கும் ஏமாற்றமே. இதய அறுவையின்போது வீரியமான ஸ்டீராய்டு கொடுத்து 18 நாடுகளில் 7,507 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2015இல் வெளியானது. இறப்பு குறையவில்லை. இயந்திரமே வேண்டாம், துடிக்கும் இதயத்திலேயே தைத்துவிடலாம் என்ற வழியும் உண்டு. இந்திய அறுவை நிபுணர்கள் அதை விரும்பிக் கையாள்கிறார்கள். இந்தியா உட்பட 19 நாடுகளில் 4,752 பேரிடம் இரு முறைகளையும் ஒப்பிட்ட கொரோனரி சோதனை 2012இல் சொன்னது: மரணம், பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் முதல் 30 நாட்களில் பெரிய வேறுபாடு இல்லை. பிளாஸ்டிக் குழாய் அழற்சியின் ஒரு காரணம்தான். வெட்டுக் காயமே இன்னொரு பெரிய காரணம்.

அப்படியானால் எதுவுமே பலிக்கவில்லையா? ஒன்று பலித்தது. அறுவைக்குப் பின் இதயத்தைச் சுற்றியுள்ள பையில் ரத்தமும் நீரும் தேங்குகின்றன. தேங்கிய ரத்தம் அங்கேயே அழற்சியைக் கிளப்பி மேலறையை உறுத்துகிறது. நியூயார்க்கில் மாரியோ காடினோ குழு, அந்தப் பையின் பின்புறத்தில் ஒரு சிறு வெட்டுப் போட்டுத் தேங்குவதை இடது நுரையீரலைச் சுற்றியுள்ள இடத்துக்கு வடிய விட்டது. 420 பேரிடம் நடந்த சோதனை 2021இல் வெளியானது. வெட்டுப் போடாதவர்களில் 32 சதவீதம் பேருக்கு மேலறை நடுக்கம். போட்டவர்களில் 17 சதவீதம். மருந்தால் அடக்கப் பார்த்த அழற்சியை, அது கிளம்பும் இடத்திலேயே வடித்துவிட்டதன் பலன் இது.

பத்தியத்துக்கு என்ன பதில்?

மீன் தின்றால் தையல் சீழ் பிடிக்காது. சீழ் பிடிக்கக் கிருமி வேண்டும். இன்னும் சொன்னால், பிளந்த மார்பெலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகிறது. அந்த வாரங்களில் உடலுக்குப் புரதம் கூடுதலாகத் தேவை. மீன், முட்டை, பருப்பு மூன்றையும் பத்தியத்தின் பேரில் விலக்கினால் ஆறுவது தாமதமாகும்.

ஆனால் பெரியம்மாவின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த மத்தி, அயிலை, சூரை போன்ற மீன்களில் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்குகிறது. கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு தடித்து அரிக்கும். ஐஸ் வசதி இல்லாத காலத்தில் மாட்டு வண்டியில் கடலோரம் அல்லாத ஊர்களுக்கு வந்த கடல் மீனைக் கரப்பான் பண்டம் என்று ஒதுக்கியதில் அனுபவம் இருந்திருக்க வேண்டும். கருவாட்டைப் பொறுத்தவரை பெரியம்மா சொல்வதும் மருத்துவர் சொல்வதும் ஒன்றுதான், காரணம் மட்டும் வேறு: கருவாட்டின் உப்பு உடலில் நீரைத் தேக்கி, இப்போதுதான் தைத்த இதயத்தின் சுமையைக் கூட்டும்.

மாத்திரையின் கதை வேறு. மீன் எண்ணெய் ரத்தத்தை நீர்க்கச் செய்து அறுவையில் ரத்தப்போக்கைக் கூட்டும் என்று பலகாலம் அஞ்சினார்கள். ஓபரா நோயாளிகளின் பதிவுகளை மறுபடி அலசி 2018இல் வெளியான ஆய்வு, ரத்தப்போக்கு கூடவில்லை என்றது. அதே ஆண்டு, வேறொரு கூட்டத்தாரிடம், அதாவது டிரைகிளிசரைடு கூடிய, இதய நோயோ நீரிழிவோ உள்ள 8,179 பேரிடம், தினம் 4 கிராம் தூய இ.பி.ஏ. கொடுத்த சோதனையின் முடிவும் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை கணிசமாகக் குறைந்தன. ஆனால் மேலறை நடுக்கத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 2.1 சதவீதத்திலிருந்து 3.1 சதவீதமாகக் கூடினார்கள். எந்த நடுக்கத்தைத் தடுக்கும் என்று நம்பினார்களோ, அதையே நீண்ட காலத்தில், பெரிய அளவில் எடுக்கும்போது சற்றுக் கூட்டுகிறது. ஐரோப்பிய மருந்து முகமை 2023இல் ஒமேகா-3 மருந்துகளுக்கு இந்த எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. சிங்கப்பூர் டப்பாவை மருத்துவரிடம் காட்டாமல் திறக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

டெல்டாவின் தட்டில்

செல்லின் உறையை நிரப்புவது சில நாள் மாத்திரை அல்ல, பல மாதச் சாப்பாடு என்றால், டெல்டாவின் தட்டில் என்ன இருக்கிறது?

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் கஃபூருன்னிசா இந்தியர் உணவின் கொழுப்பு அமிலங்களைப் பல ஆண்டுகள் அளந்தார். கரண்டியில் ஊற்றும் எண்ணெயை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. அரிசி, பருப்பு, கீரைக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்பும் சேர்ந்து ஒரு நல்ல பங்கு ஆகிறது என்று அவர் காட்டினார். இந்திய உணவில் ஒமேகா-6 போதுமான அளவு கிடைக்கிறது, ஒமேகா-3தான் பற்றாக்குறை என்பது அவர் திரும்பத் திரும்ப எழுதிய முடிவு. தஞ்சை வீட்டு எண்ணெய்களைப் பார்த்தால் இது விளங்கும். நல்லெண்ணெயில் லினோலெயிக் அமிலம் நாற்பது சதவீதத்தை ஒட்டி இருக்கும். சூரியகாந்தி எண்ணெயில் அதைவிடக் கூடுதல். கடலை எண்ணெயிலும் அது உண்டு. இம்மூன்றிலும் ஒமேகா-3 பெயருக்குக்கூட இல்லை. தவிட்டு எண்ணெயில் ஒரு சதவீதத்தை ஒட்டி உண்டு. ரேஷன் பாமாயிலிலோ பாதிக்கு மேல் இவ்விரண்டிலும் சேராத வேறு வகைக் கொழுப்பு.

ஆனால் அதே வயலில் ஒமேகா-3உம் விளைகிறது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே உளுந்தைத் தூவிவிடுவது டெல்டா வழக்கம். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் அது வளர்ந்துவிடும். உளுந்தில் கொழுப்பே 100 கிராமுக்கு ஒன்றரை கிராம் அளவுதான். ஆனால் அந்தச் சிறிதளவில் முதலிடம் ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்துக்கு. தட்டைப்பயறு, வெந்தயம், கீரைகள் ஆகியவற்றிலும் அது கிடைக்கிறது. இட்லி மாவில் வெந்தயமும் உளுந்தும் சேரும்போது ஒமேகா-3இன் இரண்டு தாவர மூலங்கள் ஒன்று சேர்கின்றன. தாவர ஒமேகா-3இல் சில சதவீதத்தை மட்டுமே நம் உடல் இ.பி.ஏ.வாக மாற்றும் என்பதால், சைவ உணவுக்காரர்கள் இவற்றைத் தினமும் சேர்ப்பதும், ஒமேகா-6 மிகுந்த எண்ணெயின் அளவைக் குறைப்பதும் சேர்ந்து நடக்க வேண்டும்.

மீன் சாப்பிடுபவர்களுக்கு வழி குறுகியது. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், நாகப்பட்டினம் கரைகளிலிருந்து வரும் மத்தியும் அயிலையும் விலையில் மலிவு, இ.பி.ஏ.வும் டி.ஹெச்.ஏ.வும் நேரடியாகக் கிடைக்கும். குளத்து மீனில் இவை குறைவு. வாரம் இரண்டு நாள், செவுள் சிவந்து ஐஸில் இருந்த மீனாக வாங்கி, பொரிக்காமல் குழம்பாக வைத்தால் உப்பும் எண்ணெயும் கட்டுக்குள் நிற்கும். தை மாதத்தில் அறுவை முடிந்து வீடு வந்தவர் இப்படிச் சாப்பிடத் தொடங்கினால், ஜூன் 12இல் மேட்டூர் அணை திறப்பதற்குள் அவருடைய சிவப்பணுக்கள் அனைத்தும் ஒரு சுற்று மாறி முடிந்திருக்கும். அவற்றின் உறைகளில் ஒமேகா-3 எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை ஒரு துளி ரத்தத்தில் அளந்து சதவீதமாகச் சொல்லும் பரிசோதனையும் இன்று இருக்கிறது.